மழை கரைக்கு வருமுன்பே: சென்னையின் ரேடார் படங்களை வாசிக்கும் முறை

மழை ரேடார் என்பது வானில் ரேடியோ அலைகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு, மழை எங்கே பெய்கிறது, எவ்வளவு வலுவாகப் பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் காட்டும் கருவி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாகும் அதன் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. ஒரு காலத்தில் வானிலை அலுவலர்கள் மட்டுமே பார்த்த திரையை இன்று செல்பேசி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். பார்ப்பது எளிது. பார்த்ததைச் சரியாகப் புரிந்துகொள்ளச் சில அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும்.

கடற்கரை நகரங்களுக்கு இந்தக் கருவியின் தேவை மற்ற ஊர்களைவிட அதிகம். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. அந்த மழையைத் தரும் மேகங்கள் வங்கக் கடலில் திரண்டு கிழக்கிலிருந்து வருகின்றன. உள்நாட்டு நகரம் ஒன்றை நோக்கி மழை வந்தால், வழியில் உள்ள ஊர்களின் மழைமானிகள் முன்கூட்டியே தகவல் தந்துவிடும். கடலில் மழைமானியும் இல்லை, செய்தி சொல்ல ஊரும் இல்லை. கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்கு அப்பால் கொட்டிக்கொண்டிருக்கும் மழையின் வலுவைச் சில நிமிட இடைவெளியில் கணித்துச் சொல்லக்கூடியது ரேடார் மட்டுமே.

எதிரொலி சொல்லும் செய்தி

ரேடாரின் சுழலும் பெரிய கிண்ண வடிவ ஆன்டெனா, ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான முறை மிகக் குறுகிய ரேடியோத் துடிப்புகளை வெளியே அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் விநாடியில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு நேரமே நீடிக்கும். துடிப்பை அனுப்பிய பிறகு, அடுத்த துடிப்பு வரை ஆன்டெனா எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் பாய்வதால், 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மழைத்துளியைத் தொட்டுத் திரும்ப விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். எதிரொலி வர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவும், ஆன்டெனா நோக்கிய பக்கத்திலிருந்து திசையும், திரும்பி வந்த ஆற்றலின் அளவிலிருந்து மழையின் வலுவும் கணக்கிடப்படுகின்றன.

இந்த ஆற்றலின் அளவு துளியின் பருமனைப் பெரிதும் சார்ந்தது. எதிரொலி துளியின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியில், 1 மில்லிமீட்டர் துளியில் உள்ளதைப்போல் 8 மடங்கு நீர்தான் இருக்கும். ஆனால் அது 64 மடங்கு எதிரொலியைத் திருப்பி அனுப்பும். இதனால் ரேடார் நேரடியாக மழையை அளப்பதில்லை. துளிகளின் எதிரொலியை அளந்து, அதிலிருந்து மழையை ஊகிக்கிறது. ரேடாரின் பலமும் பலவீனமும் இந்த ஒரு உண்மையில் அடங்கியிருக்கின்றன.

மழையின் வலுவை மட்டுமன்றிக் காற்றின் போக்கையும் அறிய உதவுவது டாப்ளர் விளைவு. ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் இதை விளக்கினார். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், கடந்து விலகும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதற்கு இதுவே காரணம். மழைத்துளிகள் காற்றோடு சேர்ந்து ரேடாரை நோக்கி வந்தால் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றே கூடும். விலகிச் சென்றால் குறையும். அந்த நுண்ணிய வேறுபாட்டிலிருந்து காற்றின் வேகம் கணக்கிடப்படுகிறது. இந்தத் திறன் கொண்ட கருவியே டாப்ளர் வானிலை ரேடார்.

போர்க்களத்திலிருந்து வானிலை மையத்துக்கு

ரேடார் முதலில் எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்க உருவானது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரைகளை இயக்கியவர்களுக்கு மழை ஒரு தொல்லையாக இருந்தது. விமானத்தின் எதிரொலியை மழையின் எதிரொலி மறைத்தது. போருக்குப் பிறகு அந்தத் தொல்லையே ஓர் அறிவியல் துறையானது. கனடாவில் ஆய்வு செய்த ஜே. எஸ். மார்ஷலும் டபிள்யூ. எம். பாமரும் 1948-இல் துளிகளின் பருமன் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டனர். எதிரொலியை மழை அளவாக மாற்ற உலகெங்கும் பயன்படும் சூத்திரம் அவர்கள் பெயரால் வழங்குகிறது.

இந்தியாவில் 1950-களில் விமான நிலையங்களில் புயல்மழையைக் கண்டறியும் ரேடார்கள் நிறுவப்பட்டன. கிழக்குக் கடற்கரையைத் தாக்கும் புயல்களைக் கண்காணிக்க 1970-களில் விசாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட நகரங்களில் புயல் கண்டறியும் ரேடார்கள் வந்தன. அவை மழையின் வடிவத்தையும் புயலின் மையத்தையும் காட்டின. காற்றின் வேகத்தை அளக்க அவற்றால் முடியாது. 2002-இல் சென்னையில் டாப்ளர் வானிலை ரேடார் இயங்கத் தொடங்கியபோது அந்தக் குறை நீங்கியது.

சென்னைத் துறைமுகப் பகுதியில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் மேல் அமைந்துள்ள இந்த ரேடார், எஸ் பேண்ட் எனப்படும் சுமார் 10 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்குகிறது. நீண்ட அலை என்பதால் பெருமழையை ஊடுருவி அதற்கு அப்பால் இருப்பதையும் காணும். சுமார் 250 கிலோமீட்டர் வரை மழையின் வலுவைக் கணிக்கவும், அதற்கு அப்பாலும் புயல்களின் இருப்பை அறியவும் இது உதவும். வடக்கே நெல்லூர், மேற்கே வேலூர், தெற்கே கடலூர் எல்லாம் இதன் வட்டத்துக்குள் அடங்கும். வட்டத்தின் கிழக்குப் பாதி ஏறத்தாழ முழுவதும் கடல்.

இரண்டாவது ரேடார், பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் இருக்கிறது. எக்ஸ் பேண்ட் வகையைச் சேர்ந்த அதன் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். குறுகிய தொலைவுக்குள் நுட்பமான விவரங்களைக் காட்டுவது அதன் சிறப்பு. பெருமழை நடுவில் வந்தால் அதன் அலை வலுவிழந்துவிடும் என்பது அதன் குறை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் தெற்கே காரைக்காலிலும் எஸ் பேண்ட் ரேடார்கள் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டா ரேடார், இஸ்ரோவும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இணைந்து உள்நாட்டிலேயே உருவாக்கியது. இவற்றில் ஒன்று பழுதானாலோ பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டாலோ மற்றவற்றின் படங்களைக் கொண்டு ஓரளவு நிலைமையை அறியலாம்.

படங்களை வாசித்தல்

வானிலைத் துறை ஒரே நேரத்தில் பல வகைப் படங்களை வெளியிடுகிறது. பொதுமக்களுக்கு மிகவும் பயன்படுவது ‘மேக்ஸ் இசட்’ என்ற படம். ஆன்டெனா வெவ்வேறு ஏற்றக் கோணங்களில் சுற்றிச் சுற்றி வானத்தை அலசியபின், ஒவ்வோர் இடத்துக்கும் நேர் மேலே எந்த உயரத்திலேனும் கிடைத்த மிக வலுவான எதிரொலியை இந்தப் படம் காட்டும். வரைபடத்தின் மேற்புறமும் பக்கவாட்டிலும் உள்ள பட்டைகள் மேகத்தின் உயரத்தைச் சொல்லும். வலுவான நிறம் 10 கிலோமீட்டருக்கு மேல் எழும்பியிருந்தால் அது இடியும் மின்னலும் தரக்கூடிய மேகம் என்று கொள்ளலாம். நிறம் 5 அல்லது 6 கிலோமீட்டருக்குள் அடங்கியிருந்தால், இடி அதிகம் இல்லாத மழையாக இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

மேக்ஸ் இசட் தவிர, ஒரே ஏற்றக் கோணத்தில் எடுக்கப்படும் சுற்றுப்படமும், தரையில் மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்ற மதிப்பீட்டைத் தரும் படமும், 24 மணி நேரத்தில் சேர்ந்த மழையைக் காட்டும் படமும், காற்றின் வேகத்தைக் காட்டும் படமும் உண்டு. தெருவில் இப்போது என்ன பெய்கிறது என்று அறிய மழை மதிப்பீட்டுப் படமும், என்ன வந்துகொண்டிருக்கிறது என்று அறிய மேக்ஸ் இசட் படமும் ஏற்றவை.

படத்தின் ஓரத்தில் உள்ள நிற அளவுகோல் ‘டிபிஇசட்’ என்ற அலகில் எதிரொலியின் வலுவைக் குறிக்கும். இது மடக்கை அளவு. எண் 10 கூடினால் எதிரொலி 10 மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். மார்ஷல், பாமர் பெயரிலான சூத்திரத்தின்படி 20 டிபிஇசட் என்பது மணிக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தூறல். 30 என்பது மணிக்கு சுமார் 3 மில்லிமீட்டர். குடை தேவைப்படும் மழை. 40 என்பது மணிக்கு சுமார் 12 மில்லிமீட்டர். 50 என்றால் மணிக்கு சுமார் 50 மில்லிமீட்டர். தெருவில் தண்ணீர் நிற்கத் தொடங்கும். நிறங்கள் படத்துக்குப் படம், செயலிக்குச் செயலி மாறுபடும். ஆகவே சிவப்பு, மஞ்சள் என்ற நிறத்தை நம்பாமல், ஓரத்தில் உள்ள எண்ணைப் பார்ப்பதே சரி.

அடுத்துக் கவனிக்க வேண்டியது நேரம். சில படங்களில் உலகப் பொது நேரம் அச்சாகியிருக்கும். அதனுடன் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும். படத்தில் 12.00 என்று இருந்தால் அது மாலை 5.30 மணியின் நிலவரம். ஆன்டெனா எல்லாக் கோணங்களிலும் சுற்றி முடிக்கவே சுமார் 10 நிமிடம் ஆகிறது. அதைப் படமாக்கி இணையத்தில் ஏற்ற மேலும் சில நிமிடம் ஆகும். நேரலை என்று சொல்லப்படும் படமும் சற்று முந்தைய வானத்தையே காட்டுகிறது. பழுதின்போது பல மணி நேரத்துக்கு முந்தைய படமே திரையில் நிற்பதும் உண்டு. தேதியையும் நேரத்தையும் பார்க்காமல் எந்த ரேடார் படத்திலிருந்தும் முடிவுக்கு வரக் கூடாது.

ஒரு படம் நிலைமையைச் சொல்லும். தொடர் படங்கள்தான் போக்கைச் சொல்லும். மழைக் கூட்டம் ஒன்று அரை மணி நேரத்தில் 15 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் அதன் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். அது கரையிலிருந்து 45 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் மெரினாவை எட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கூட்டம் நகரும்போதே வளர்கிறதா, தேய்கிறதா? தொடர்ந்து மூன்று நான்கு படங்களில் அடர்நிறப் பரப்பு சுருங்கிக்கொண்டே வந்தால், அது கரையை அடையும்போது தூறலாக முடியலாம். பரப்பு விரிந்துகொண்டே வந்தால் எதிர்பார்த்ததைவிடப் பெரிய மழையாகலாம்.

இரண்டு பருவங்கள், இரண்டு திசைகள்

சென்னையின் மழையில் இரண்டு வகைகள் உள்ளன. ரேடாரில் அவை முற்றிலும் வேறுபட்ட தோற்றம் கொண்டவை.

கோடையிலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருகிறது. பகல் வெயிலில் நிலம் சூடேற, நண்பகல் வாக்கில் கடற்காற்று கரையேறுகிறது. ஈரமான கடற்காற்றும் உள்நாட்டின் வெப்பக்காற்றும் மோதும் எல்லையில் காற்று மேலெழும்பி இடிமேகங்கள் உருவாகின்றன. அந்த எல்லையைச் சில நாட்களில் ரேடாரிலேயே காணலாம். கரைக்கு இணையாக, மெல்லிய கோடாக, வலுக்குறைந்த எதிரொலியாக அது உள்நாட்டை நோக்கி நகரும். காற்று குவியும் இடத்தில் பூச்சிகளும் தூசியும் சேர்வதால் அந்தக் கோடு தெரிகிறது; அங்கு மழை இருக்க வேண்டும் என்பதில்லை. பிற்பகலில் வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டங்களிலும் ஆந்திர எல்லை மலைகளிலும் திரளும் இடிமேகங்களை மேல்மட்ட மேற்குக் காற்று கிழக்கே தள்ளுகிறது. மாலையிலும் இரவிலும் அவை சென்னையை அடைகின்றன. இடிமழையிலிருந்து கீழே பாயும் குளிர்காற்று, மழைக்கு முன்னால் வில்போன்ற மெல்லிய கோடாக ரேடாரில் தெரியும். நகரில் திடீரெனப் புழுதியோடு குளிர்ந்த காற்று வீசுவது அந்தக் கோடு கடந்து செல்லும் நேரத்தில்தான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காட்சி தலைகீழாகிறது. மேகங்கள் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ சிறுசிறு கூட்டங்களாகக் கரையேறுகின்றன. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கடலோரத்தில் மழை வலுப்பது இக்காலத்தின் இயல்பு. இரவில் நிலம் குளிர்ந்து, அங்கிருந்து கடலை நோக்கி வரும் காற்று, கடலிலிருந்து வரும் ஈரக் காற்றைக் கரையோரத்தில் சந்திப்பது இதற்கு ஒரு காரணம். ஒரு மழைக் கூட்டத்தின் அகலம் சில கிலோமீட்டர் மட்டுமே இருக்கும் என்பதால், திருவொற்றியூரில் கொட்டும் நேரத்தில் திருவான்மியூர் காய்ந்து கிடக்கலாம். மாவட்டம் முழுமைக்கும் சொல்லப்படும் முன்னறிவிப்பில் இந்த வேறுபாடு தெரியாது, ரேடாரில் தெரியும்.

இக்காலத்தில் அஞ்ச வேண்டியது வேகமாக வரும் கூட்டத்தைவிட, நகராமல் நிற்கும் பட்டையைத்தான். கடலிலிருந்து மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் வந்து ஒரே இடத்தில் கொட்டிச் சென்றால், ஒவ்வொரு மேகமும் நடுத்தரமானதாக இருந்தாலும் மொத்த மழை பெருவெள்ளமாகும். 2015 டிசம்பர் 1 அன்று நடந்தது அதுவே. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவானது. தொடர் படங்களில் மழைப்பட்டை ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிலைத்திருந்தால், மழையின் வலு குறைவாகத் தெரிந்தாலும் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

புயல் நெருங்கும்போது

புயல் ஆழ்கடலில் இருக்கும்வரை அதைப் பின்தொடர்வது செயற்கைக்கோள்களின் பணி. கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்குள் வந்ததும் ரேடாரின் பங்கு தொடங்குகிறது. செயற்கைக்கோள் மேகத்தின் உச்சியைக் காட்டும். அந்த மேகப் போர்வைக்குக் கீழே மழைப்பட்டைகள் எப்படிச் சுழல்கின்றன, மையம் எங்கே இருக்கிறது என்பதை ரேடார் காட்டும். காற்று வேகப் படத்தில், புயல் மையத்தின் இரு பக்கங்களிலும் ரேடாரை நோக்கி வரும் காற்றும் விலகிச் செல்லும் காற்றும் எதிரெதிர் நிறங்களில் அருகருகே தோன்றும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது, புயலின் கண் எனப்படும் அமைதியான மையப் பகுதி நகரின் மேல் சென்றது. அந்த நேரத்தில் காற்று சட்டென்று ஓய்ந்தது. பிறகு எதிர்த் திசையிலிருந்து மீண்டும் சீறியது. கண் கடக்கும்போது வரும் அமைதியைப் புயல் முடிந்ததாக எண்ணி வெளியே வருவது உயிருக்கு ஆபத்து. ரேடார் படத்தில் மழைப்பட்டையின் மறுபாதி இன்னும் கடலில் இருப்பது தெளிவாகத் தெரியும்.

புயல் நகருக்கு அருகே கரையைக் கடக்காமலேயே அதை மூழ்கடிக்கவும் முடியும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்குக் கிழக்கே கடலில் மெதுவாக நகர்ந்தது. அதன் மேற்குப் பக்க மழைப்பட்டைகள் நகரின் மேல் நீண்ட நேரம் நின்றதால், இரண்டே நாட்களில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 5 அன்று, ஆந்திரத்தின் பாபட்லா அருகில். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அங்கேயே பல மணி நேரம் ஏறத்தாழ நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. கரையைக் கடக்கும் இடம் எது என்ற ஒரே கேள்வியில் கவனத்தைக் குவிப்பதைவிட, மழைப்பட்டைகள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது வெள்ள அபாயத்தை நன்கு உணர்த்தும்.

ரேடாரால் முடியாதவை

முதல் வரம்பு பூமியின் வளைவு. அலைக்கற்றை ஏறத்தாழ நேராகச் செல்ல, தரை வளைந்து கீழே போகிறது. அரை டிகிரி ஏற்றத்தில் அனுப்பப்படும் கற்றை 100 கிலோமீட்டர் தொலைவில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் சுமார் 4 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கும். தொலைவில் உள்ள தாழ்வான மழைமேகங்கள் கற்றைக்குக் கீழே மறைந்துவிடும். கடலில் வெறுமையாகத் தெரிந்த பகுதியிலிருந்து திடீரென மழை முளைத்து வருவதுபோல் தோன்ற இதுவும் ஒரு காரணம். கற்றை போகப் போக விரிவதால், தொலைவில் உள்ள மழையின் நுணுக்கமும் மங்கிவிடும். மறுபுறம், ரேடாருக்கு நேர் மேலே உள்ள கூம்பு வடிவப் பகுதியை அந்த ரேடாரால் பார்க்க முடியாது.

இரண்டாவது, மழையளவு மதிப்பீட்டின் நிச்சயமின்மை. ஒரே 40 டிபிஇசட் எதிரொலி, மார்ஷல், பாமர் சூத்திரப்படி மணிக்கு 12 மில்லிமீட்டர். வெப்பமண்டலக் கடல்மழைக்கென வகுக்கப்பட்ட மற்றொரு சூத்திரப்படி அது மணிக்கு 20 மில்லிமீட்டருக்கும் மேல். கடலிலிருந்து வரும் பருவமழையில் சிறு துளிகள் ஏராளமாக இருப்பதால், எதிரொலி அடக்கமாகத் தெரிந்தாலும் தரையில் மழை அதிகமாக இருக்கும். கோடை இடிமேகத்தில் இதற்கு நேர்மாறு நடக்கும். பெரிய துளிகளோ ஆலங்கட்டிகளோ எதிரொலியைப் பெரிதாக்கிக் காட்டும். கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இரண்டு அலைகளை அனுப்பும் இருமுனைவு ரேடார்கள், துளியின் வடிவத்தையும் அறிந்து இந்தப் பிழையைக் குறைக்கின்றன. எனினும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் போன்ற இடங்களில் உள்ள மழைமானிகளின் அளவே இறுதியானது. ரேடாரின் மதிப்பீடு அவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட வேண்டும்.

மூன்றாவது, மழை அல்லாதவற்றின் எதிரொலி. குன்றுகள், உயர்ந்த கட்டடங்கள், கடல் அலைகள், பறவைக் கூட்டங்கள், பூச்சிகள் எல்லாம் அலையைத் திருப்பி அனுப்பும். தெளிந்த இரவுகளில் கடலின் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெப்பக் காற்றும் படிந்தால், கற்றை கீழ்நோக்கி வளைந்து கடற்பரப்பையே தொட்டு எதிரொலிக்கும். வானம் நிர்மலமாக இருக்கும்போதும் படத்தில் மழைபோன்ற திட்டுகள் தோன்றும். தொடர் படங்களில் உருவம் சற்றும் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும் திட்டுகளும், ரேடாரிலிருந்து நேர்கோட்டில் ஆரமாகக் கிளம்பும் கீற்றுகளும் பெரும்பாலும் மழையல்ல.

நான்காவதும் முக்கியமானதுமான வரம்பு, ரேடார் இருப்பதைக் காட்டுமே தவிர, இனிப் பிறக்கப்போவதைக் காட்டாது என்பது. தனித்த இடிமேகம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தலைக்கு மேலேயே உருவாகும் மேகத்துக்கு ரேடார் தரும் அவகாசம் மிகக் குறைவு. ஆகவே ரேடாரை நம்பிச் சொல்லக்கூடியது அடுத்த ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்கு மட்டுமே. நாளைய மழையைச் சொல்வது கணினி மாதிரிகளின் வேலை. சில செயலிகள் மாதிரிகளின் கணிப்பையோ செயற்கைக்கோள் மதிப்பீட்டையோ ரேடார் படம் போன்ற வண்ணங்களில் காட்டுகின்றன. நேரப் பட்டையில் இன்னும் வராத நேரத்துக்கும் படம் இருந்தால், அது அளவீடு அல்ல, கணிப்பு.

அதேவேளை மாதிரிகள் தவறும்போது ரேடாரே கடைசித் துணை. 2021 டிசம்பர் 30 அன்று, முன்னறிவிப்பில் எதிர்பார்க்கப்படாத பெருமழை நண்பகலுக்குப் பின் சென்னையில் கொட்டியது. சில மணி நேரத்துக்குள் நகரின் சில பகுதிகளில் சுமார் 20 சென்டிமீட்டர் பதிவானது. அத்தகைய நாளில் முந்தைய நாளின் அறிக்கை பயன்படாது. கடைசியாக வந்த ரேடார் படமே பயன்படும்.

யாருக்கு எப்படி உதவுகிறது

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடும், அடுத்த 3 மணி நேரத்தில் எந்தெந்த மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு என்ற அறிவிப்பின் முதன்மை ஆதாரங்களில் ஒன்று ரேடார். ரேடார் தரும் தகவலைக் கொண்டு விமான நிலையம் தரையிறக்கத்தைத் திட்டமிடுகிறது. மாநகராட்சி சுரங்கப்பாதைகளில் மோட்டார்களையும் ஆட்களையும் நிறுத்துகிறது. மின்வாரியம் தாழ்வான பகுதிகளில் முன்னெச்சரிக்கை எடுக்கிறது.

கடற்கரை நகரத்தில் மழைநேரமும் கடல் ஏற்றமும் ஒன்றாகச் சேரும்போது வெள்ளம் கடுமையாகிறது. அடையாறு, கூவம் ஆறுகளின் முகத்துவாரத்தில் கடல்மட்டம் உயர்ந்திருந்தால் நகரத்தின் மழைநீர் வடியாமல் தேங்கும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறக்கப்படும் நீரும் அடையாறு வழியாகவே கடலை அடைய வேண்டும். ஆகவே ஏரியின் நீர்மட்டம், கடல் ஏற்றநேரம், வரவிருக்கும் மழை ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்க்கும் கடலோர வெள்ள எச்சரிக்கை முறை சென்னைக்காக உருவாக்கப்பட்டது. எதிர்பார்க்கும் மழை எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்கே இத்தகைய எச்சரிக்கையும் துல்லியமாக இருக்கும்.

மீனவர்களுக்கும் ரேடார் படம் பயன்படும். கரையோர மீன்பிடிப்புக்குச் செல்பவர்கள் புறப்படும் முன், கடலில் எந்தத் திசையில் இடிமேகம் இருக்கிறது, அது எப்பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கடல் அலையின் உயரத்தையோ நீரோட்டத்தையோ இந்த ரேடார் சொல்லாது. அதற்கு, மீனவர்களுக்கென வெளியிடப்படும் எச்சரிக்கை அறிக்கையையே பின்பற்ற வேண்டும்.

பொதுமக்களிடையே ரேடார் பார்க்கும் பழக்கம் வளர்ந்ததில் தன்னார்வ வானிலை ஆர்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று அறியப்படும் பிரதீப் ஜான் போன்றவர்கள் ரேடார் படங்களைத் தமிழ் மக்களுக்குப் புரியும் வகையில் விளக்கி வந்துள்ளனர். எனினும் அபாய எச்சரிக்கை வெளியிடும் அதிகாரமும் பொறுப்பும் வானிலைத் துறைக்கே உரியவை. ஆர்வலரின் விளக்கம் புரிந்துகொள்ள உதவும். வீட்டை விட்டு வெளியேறுவது, கடலுக்குச் செல்லாமல் இருப்பது போன்ற முடிவுகளை அரசு எச்சரிக்கையை வைத்தே எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரேனும் ரேடார் படத்தை வாசிக்கக் கற்றிருப்பது நல்லது. பார்க்க வேண்டியவை ஐந்து: படத்தின் நேரம், நிறத்துக்குரிய எண், மழை நகரும் திசையும் வேகமும், வளர்கிறதா தேய்கிறதா என்பது, ஒரே இடத்தில் நிற்கிறதா என்பது. இந்த ஐந்தையும் பார்ப்பவருக்கு, கடலில் பெய்யும் மழை கரைக்கு வருமுன் பல நேரங்களில் ஒரு மணி நேரமாவது கிடைக்கும். வாகனத்தை மேடான இடத்துக்கு மாற்றவும், தரைத்தள வீட்டின் மின் இணைப்பைத் துண்டிக்கவும், முதியவர்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லவும் அந்த ஒரு மணி நேரம் போதும்.